பல தளங்களுக்கு மென்பொருள் பொதி கட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திஸ்கி என்னும் பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கத்தில் கிடக்கும் பழைய தமிழ்க் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் சிறு கட்டற்ற மென்பொருள் ஒன்றைச் சிங்கப்பூரில் நாங்கள் ஐந்தாறு பேர் ஓய்வு நேரத்தில் பராமரித்து வருகிறோம். சி மொழியில் எழுதப்பட்ட அந்தக் கருவியை விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று பல தளங்களுக்கும் வெளியிடும் வேலை என் பொறுப்பில் இருப்பதால், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களும் புதிதாகக் குழுவில் சேரும் பொறியாளர்களும் நூலகச் சந்திப்பிலும் தேக்கா காப்பிக் கடையிலும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன.

சோர்ஸ் முழுவதும் கிட்ஹப் என்னும் இணையக் களஞ்சியத்தில் இருக்கிறதே, அதற்குமேல் பொதி எதற்கு?

சோர்ஸை, அதாவது மூலநிரலை, இயங்கு கோப்பாகக் கட்டும் கம்பைலர் வைத்திருப்பவருக்கு அந்த மூலநிரலே போதும். எங்கள் கருவியை நாடி வருபவர்களில் பெரும்பாலோர், தொண்ணூறுகளின் இறுதியில் தட்டச்சிட்ட கதைகளையும் பாடக் குறிப்புகளையும் ஆண்டுமலர்ப் பக்கங்களையும் இன்னும் வட்டுகளில் பத்திரமாக வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் சங்கச் செயலாளர்களும் ஆவர். அவர்களிடம் மூலநிரலை நீட்டுவது, பசித்து வந்தவரிடம் அரிசி மூட்டையைக் காட்டுவது போலாகும்.

இயங்கத் தயாரான கோப்போடு, அது எங்கே போய் அமர வேண்டும், எந்த நூலகங்கள் (நிரல் தன் வேலைக்கு அழைக்கும் ஆயத்த நிரல் தொகுப்புகள்) உடன் இருக்க வேண்டும், நீக்கும்போது எவற்றையெல்லாம் துடைத்துச் செல்ல வேண்டும் என்ற விவரங்களையும் சுமந்து செல்வதே பொதி. கடைசி விவரத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரே கோப்பைக் கட்டி எல்லாருக்கும் கொடுத்துவிட முடியாதா?

முடியாது. செயலி புரிந்துகொள்ளும் கட்டளைத் தொகுதி இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஒரு வகை, ஆர்ம் கணினிகளில் வேறு வகை. செயலி ஒன்றாகவே இருந்தாலும், இயங்கு கோப்பின் அமைப்பு லினக்ஸில் எல்ஃப், விண்டோஸில் பிஇ, மேக்கில் மாக்-ஓ என்று வேறுபடுகிறது. இரண்டும் ஒத்துப்போனாலும், நிரல் அழைக்கும் இயங்குதள நூலகங்கள் வேறாக இருக்கும். 2020இல் எம்1 செயலி வந்தபின் ஆப்பிள் கணினிகளிலேயே இரண்டு வகைகள் உள்ளன. இரண்டு வகைக் குறியீட்டையும் ஒரே கோப்பில் அடைக்கும் வசதி அங்கே உண்டு, ஆனால் கோப்பின் அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

பைத்தான் மொழியில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லையே என்று உடனே ஒருவர் கேட்பார். பயனரின் கணினியில் பைத்தான் இருக்க வேண்டும், அதுவும் சரியான பதிப்பாக இருக்க வேண்டும் என்ற நிலையில், தொல்லை இடம் மாறுகிறதே தவிர நீங்குவதில்லை.

அப்படியானால் முதலில் எந்தெந்தத் தளங்களுக்குச் செய்வது?

நீங்களோ குழுவில் ஒருவரோ கையில் வைத்துச் சோதிக்கக்கூடிய தளங்களுக்கு மட்டும் செய்யுங்கள். தானியங்கிச் சேவையகத்தில் பத்துத் தளங்களுக்குக் கட்டும்படி எழுதுவது அரை மணி நேர வேலைதான். ஆனால், யாருமே திறந்து பார்க்காத பொதியை வெளியிட்டால், அதன் முதல் சோதனையாளராக ஓர் அறுபது வயது ஆசிரியரை அமர்த்துகிறீர்கள் என்று பொருள். நாங்கள் 64 பிட் விண்டோஸ், இரு வகை மேக், 64 பிட் லினக்ஸ் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டோம்.

இங்குள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கற்றல் சாதனங்களுக்கும் பொதி செய்யலாமா என்று சிலர் கேட்டதுண்டு. அவை பள்ளியின் நிர்வாக மென்பொருளுக்கு உட்பட்டவை. இயல்பான அமைப்பில் மாணவர் விரும்பியதை அவற்றில் நிறுவ இயலாது. அவர்களுக்கு உலாவியில் இயங்கும் வடிவம் ஒன்றே வழி.

என் லினக்ஸில் நன்றாக ஓடுகிறது. நண்பருடைய லினக்ஸில் ‘ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை’ என்று வருகிறது. நான் என்ன தவறு செய்தேன்?

புதிய கணினியில் கட்டினீர்கள், அவ்வளவுதான். லினக்ஸ் நிரல்கள் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளமான ஜிலிப்சி நூலகம், பழைய நிரல்கள் புதிய நூலகத்தில் ஓடுவதற்கு உறுதி அளிக்கிறது. புதிய நூலகத்தை நம்பிக் கட்டிய நிரல் பழையதில் ஓடும் என்று அது சொல்லவே இல்லை. லினக்ஸின் விநியோகங்களுள், அதாவது தொகுத்து வெளியிடப்படும் வகைகளுள், உபுண்டு 22.04இல் இருப்பது ஜிலிப்சி 2.35, உபுண்டு 20.04இலும் டெபியன் 11இலும் 2.31, ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8இல் 2.28. மேலிருந்து கீழே நிரலைக் கொண்டுபோக முடியாது.

இந்த 2.34 என்னும் எண் பலருடைய கண்ணில் படுவதற்குத் தனிக் காரணம் உண்டு. 2021 ஆகஸ்டில் வந்த அந்தப் பதிப்பில் இழைகளுக்கான (ஒரே நிரலுக்குள் ஒருங்கே ஓடும் பணிகளுக்கான) தனி நூலகம் முதன்மை நூலகத்தோடு இணைக்கப்பட்டது. அதோடு, ஒவ்வொரு நிரலும் தொடங்கும்போது அழைக்கப்படும் தொடக்கச் செயல்கூறுக்கும் புதிய பதிப்புக் குறி இடப்பட்டது. ஆகவே, புதிய வசதி எதையும் தொடாமல் ‘வணக்கம்’ என்று அச்சிடும் நான்கு வரி நிரலாக இருந்தாலும், 2.34 அல்லது அதற்குப் பிந்தைய நூலகம் உள்ள கணினியில் கட்டினால் அது பழைய கணினிகளில் எழுந்திருக்காது. இதற்கு மருந்து, நீங்கள் ஆதரிக்க விரும்பும் மிகப் பழைய லினக்ஸைக் கொள்கலனில், அதாவது உங்கள் கணினிக்குள்ளேயே தனித்து ஓடும் சூழலில், வைத்து அதனுள்ளே கட்டுவது. பைத்தான் உலகத்தினர் தங்கள் பொதுப் பொதிகளை அல்மாலினக்ஸ் 8இல் கட்டுவதும் இதே எண்ணத்தில்தான். கட்டும் சேவையகத்தில் ‘எப்போதும் அண்மைய உபுண்டு’ என்று எழுதிவைத்தால், ஒரு நாள் உங்களுக்குத் தெரியாமலேயே அடித்தளம் உயர்ந்துவிடும். பதிப்பு எண்ணை வெளிப்படையாக எழுதுங்கள்.

நூலகங்கள் எல்லாவற்றையும் ஸ்டாட்டிக்காக நிரலுக்குள்ளேயே இணைத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே வராதே?

பல நிரல்களுக்கு இது நல்ல வழி. ஜிலிப்சிக்கு மாற்றான முசல் என்னும் சிறிய நூலகத்தோடு இணைத்துக் கட்டினால் ஏறத்தாழ எந்த லினக்ஸிலும் ஓடும் ஒற்றைக் கோப்பு கிடைக்கும். கோ மொழியில், சி நூலகங்களைத் தொடாதவரை, இரண்டு சூழல் மாறிகளை (கருவிகள் படிக்கும் அமைப்பு மதிப்புகளை) மாற்றினாலே வேறு தளத்திற்கான கோப்பும் அப்படியே வந்துவிடும்.

எங்களுக்கு அது கைகொடுக்காததன் காரணம் தமிழர்களுக்குச் சுவையானது. ஜிலிப்சியின் குறியாக்க மாற்றப் பகுதியில் திஸ்கிக்கு இடம் உண்டு, அதை நம்பித்தான் எங்கள் முதல் பதிப்பை எழுதினோம். முசல் சுருக்கத்தை நோக்கமாகக் கொண்டது. அதில் திஸ்கி இல்லை. ஜிலிப்சியையே ஸ்டாட்டிக்காக இணைக்கலாம் என்றால், குறியாக்கங்கள் நிரல் ஓடும்போது தனித்தனிக் கோப்புகளாக ஏற்றப்படுபவை என்பதால், அவை பயனரின் கணினியில் அதே பதிப்பில் இருந்தாக வேண்டும். ஃபெடோராவிலோ அவற்றுள் பெரும்பாலானவை கூடுதல் பொதியாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. கடைசியில் திஸ்கி அட்டவணையை எங்கள் நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டோம். விண்டோஸுக்கு எப்படியும் அது தேவைப்பட்டது, முதலிலேயே செய்திருக்கலாம்.

டெப், ஆர்பிஎம், ஆப்இமேஜ், ஃபிளாட்பேக், ஸ்னாப்... இந்த லினக்ஸ் பொதி வடிவங்களில் எது நல்லது?

கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்: உங்கள் நிரலுக்குக் கணினியோடு எவ்வளவு நெருக்கம் தேவை? டெப் கோப்பை உரித்துப் பார்த்தால், ‘ஏஆர்’ என்ற பழைய யூனிக்ஸ் தொகுப்புக்குள் வடிவப் பதிப்பு, கட்டுப்பாட்டு விவரங்கள், உண்மையான கோப்புகள் என்று மூன்றே பகுதிகள் இருக்கும். அது எளிமையானது, ஆனால் சார்புகள், அதாவது அது நம்பியிருக்கும் பிற பொதிகள், அந்தந்த டெபியன், உபுண்டு பதிப்போடு பிணைந்தவை. ஃபிளாட்பேக் தனக்கான அடித்தளத்தைத் தானே கொண்டுவருவதால் ஜிலிப்சி பற்றிய பதிலில் சொன்ன சிக்கல் அங்கே எழுவதில்லை. அதற்கு ஈடாக, நிரல் வேலிக்குள் ஓடுகிறது. பயனருடைய கோப்புறை முழுவதையும் நடந்து மாற்ற வேண்டிய எங்களுடையதைப் போன்ற கருவிக்கு அந்த வேலியில் வாயில் திறப்பதே தனி வேலை.

ஆப்இமேஜ் ஒற்றைக் கோப்பாக இருப்பதால் வட்டில் போட்டுக் கொடுக்க வசதி. ஆனால் பழைய முறையில் கட்டிய ஆப்இமேஜ் கோப்புகள் ஃபியூஸ் 2 நூலகத்தை எதிர்பார்க்கின்றன; உபுண்டு 22.04 முதல் அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. மேலும் ஆப்இமேஜ், தான் எடுத்துச் செல்லாத ஜிலிப்சியைக் கணினியிடமிருந்தே பெறுவதால், பழைய லினக்ஸில் கட்ட வேண்டும் என்ற விதி அதற்கும் பொருந்தும். நாங்கள் தருவது ஒரு டார் கோப்பும் (பல கோப்புகளை ஒன்றாகத் தொகுத்தது) ஒரு டெப் கோப்பும் மட்டுமே. ஐந்து வடிவங்களையும் அரைகுறையாகத் தருவதைவிட, டெபியன் போன்ற விநியோகத்தின் பராமரிப்பாளர் ஒருவர் உங்கள் மூலநிரலை எடுத்துத் தாமே கட்டும்படி அதைத் தூய்மையாக வைத்திருப்பது நீண்ட காலப் பயன் தரும் என்பது என் கருத்து.

மேக்கில் திறந்தால், தீங்கு இல்லையென்று சரிபார்க்க முடியவில்லை, குப்பையில் போடுங்கள் என்கிறது. எங்கள் நிரலில் வைரஸா?

இல்லை. உலாவி வழியாக இறக்கிய கோப்பின்மேல் மேக் ஒரு தனிமைக் குறியை ஒட்டுகிறது. அந்தக் குறி உள்ள நிரல் அடையாளம் தெரிந்த உருவாக்குநரால் மின்னணு முறையில் கையொப்பமிடப்பட்டு, ஆப்பிளிடம் அனுப்பிச் சான்று பெற்றிருக்க வேண்டும். 2019இல் வந்த மேக் இயங்குதளப் பதிப்பான கேட்டலினாவிலிருந்து இந்தச் சான்று நடைமுறையில் கட்டாயம். அதைப் பெற ஆண்டுக்கு 99 அமெரிக்க வெள்ளி கட்டி உருவாக்குநர் திட்டத்தில் சேர வேண்டும். முன்பு கண்ட்ரோல் விசையோடு சொடுக்கித் திறக்கும் குறுக்கு வழி இருந்தது. 2024இல் வந்த செக்கோயாவில் அது அடைக்கப்பட்டு, பயனர் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் அனுமதிக்க வேண்டியதாயிற்று. தொலைபேசியில் ஓர் ஆசிரியருக்கு இந்த வழியை விளக்கியபின், ஆளாளுக்குப் பங்கு போட்டுக் கட்டணத்தைக் கட்டிவிடுவது என்று முடிவெடுத்தோம்.

கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையத்தில் பழகியவர்களுக்கு, மேக்கில் பொதிகளை நிறுவும் கருவியான ஹோம்புரூ வழியாகக் கொடுத்தால், அங்கே கட்டப்படும் கட்டளைவரி நிரல்களில் அந்தக் குறி ஒட்டுவதில்லை. ஒரு நுணுக்கம்: ஆர்ம் செயலியுள்ள மேக்கில் கையொப்பமே இல்லாத நிரல் ஓடாது. கம்பைல் செய்யும்போது, நிரல் துண்டுகளைக் கோக்கும் இணைப்பி ஒரு பெயரளவுக் கையொப்பத்தைத் தானே இடும். அதன்பின் கோப்பைச் சுருக்கவோ நூலகப் பாதையை மாற்றவோ செய்து கையொப்பம் உடைந்துவிட்டால், காரணம் சொல்லாமல் ‘கொல்லப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிரல் மடியும். எல்லா மாற்றங்களும் முடிந்தபின் கடைசி வேலையாகக் கையொப்பமிடுங்கள்.

விண்டோஸிலும் நீலப் பெட்டி வந்து தடுக்கிறதே?

கதை ஏறத்தாழ மேலே சொன்னதுதான்; வேறுபாடு, இங்கே நற்பெயரும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. புதிய கோப்பைப் பலர் இறக்கிப் பயன்படுத்தும்வரை விண்டோஸின் காவல் வசதியான ஸ்மார்ட்ஸ்கிரீன் ஐயத்தோடுதான் பார்க்கும். கையொப்பச் சான்றிதழ் இருந்தால் அந்த நற்பெயர் சான்றிதழின்மேல் சேர்ந்து அடுத்த வெளியீட்டுக்கும் உதவும். 2023 ஜூன் முதல் இத்தகைய சான்றிதழைக் கொண்டு கையொப்பமிட உதவும் மறைத்திறவுகோல் வன்பொருள் சாதனத்தில் இருக்க வேண்டும் என்பது விதி; ஆகவே திறவுகோலைக் கட்டும் சேவையகத்தில் கோப்பாக வைத்துக்கொள்ளும் பழைய பழக்கம் செல்லாது. கட்டற்ற மென்பொருள்களுக்கு இலவசமாகக் கையொப்பமிட்டுத் தரும் அறக்கட்டளையும் உள்ளது, விண்ணப்பித்துப் பாருங்கள்.

பதிப்பு எண்ணில் என்ன இருக்கிறது? 2.0 சோதனைப் பதிப்புக்கு எப்படிப் பெயர் வைப்பது?

பொதி நிர்வாகிகள் (பொதிகளை நிறுவிப் புதுப்பிக்கும் நிரல்கள்) எண்ணைப் படிக்கும் முறை நாம் படிப்பது போலவே இருக்கும் என்று எண்ணக் கூடாது. 1.10 என்பது 1.9ஐவிடப் புதியது என்று அவற்றுக்குத் தெரியும். ஆனால் டெபியனில் 2.0ஐ அடுத்து நேரடியாகச் சோதனைப் பதிப்பைக் குறிக்கும் ‘ஆர்சி1’ என்று ஒட்டினால், அது 2.0ஐவிடப் புதியதாகக் கருதப்பட்டு, இறுதிப் பதிப்பு வந்தாலும் பயனருக்குப் போய்ச் சேராது. இடையில் அலைக்குறி (~) இட்டால் அது வெறுமையைவிடவும் முந்தியதாக எண்ணப்படும். அதுவே சரியான முறை.

வெளியிட்ட எண்ணைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தி, எண்ணை மாற்றாமல் கோப்பை மட்டும் சத்தமின்றி மாற்றிவைத்தேன். அடுத்த வாரமே ஒருவர், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்புத் தொகை ஒத்துவரவில்லை, உங்கள் இணையத்தளத்தை யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்று பதறி எழுதினார். அவர் பதறியதில் குற்றமில்லை.

கோப்போடு ஷா-256 சரிபார்ப்புத் தொகையும் கொடுக்கிறோமே, அது போதாதா?

இறக்கும்போது கோப்பு சிதைந்ததா என்று அறிய அது போதும். கோப்பும் தொகையும் ஒரே இடத்தில் இருந்தால், ஒன்றை மாற்றக்கூடியவரால் மற்றதையும் மாற்ற முடியும். அதனால்தான் தொகைகள் அடங்கிய கோப்பை வேறிடத்தில் காக்கப்படும் திறவுகோலால் கையொப்பமிட வேண்டும். ஜிபிஜி என்னும் கையொப்பக் கருவி இதற்குப் போதுமானது.

கையொப்பமும் யார் கட்டினார் என்பதையே சொல்லும், எதிலிருந்து கட்டினார் என்பதைச் சொல்லாது. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் மென்பொருள் பொறியாளர் வெளிப்படுத்திய, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியின் விவகாரம் இதற்குச் சான்று. எஸ்எஸ்எச் வழியாகத் தொலைக் கணினியில் நுழைவது அரை வினாடி தாமதமாவதைத் துருவிக்கொண்டு போன அவர், 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் பின்கதவு, அதாவது இரகசிய நுழைவழி, இருப்பதைக் கண்டார். தீங்கு நிரலை உயிர்ப்பிக்கும் கட்டமைப்புக் கோப்பு, மூலநிரலின் மாற்றங்கள் பதியப்படும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டு டார் கோப்பில் மட்டுமே இருந்தது. அந்த வெளியீட்டைத் தயாரித்தவர், சில ஆண்டுகள் உழைத்து நம்பிக்கை பெற்ற பராமரிப்பாளர். களஞ்சியத்தைப் படித்தவர்கள் எத்தனை பேராக இருந்தாலும் அது அவர்கள் கண்ணில் பட்டிருக்காது.

அப்படியென்றால் கிட்ஹப் தானாக உருவாக்கும் ஜிப், டார் கோப்புகளையே கொடுத்துவிடலாமா?

அவை களஞ்சியத்திலிருந்து நேரடியாக வருபவை என்பது நன்மை. ஆனால் அவை கேட்கும்போது உருவாக்கப்படுபவை. அவற்றின் பைட்டுகள் என்றும் மாறாதிருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 2023 ஜனவரி இறுதியில் கிட் மென்பொருளின் சுருக்கும் முறை மாறியபோது, உள்ளடக்கம் அப்படியே இருக்க, கோப்புகளின் தொகைகள் மட்டும் மாறி, அவற்றை நம்பியிருந்த எத்தனையோ திட்டங்களின் கட்டுமானம் நின்றது. மாற்றம் விரைவில் திரும்பப் பெறப்பட்டது. மேலும், துணைக் களஞ்சியங்கள் அந்தக் கோப்புகளில் சேர்வதில்லை. ஆகவே நீங்களே ஒரு டார் கோப்பை உருவாக்கிக் கையொப்பமிட்டு ஏற்றுங்கள். களஞ்சியத்தின் அதே நிலையிலிருந்து எவரும் அதே கோப்பை உருவாக்கி ஒப்பிட முடிய வேண்டும். அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

அதே நிரலை இரண்டு முறை கட்டினேன். இரண்டு தொகையும் வேறு. ஏன்?

பெரும்பாலும் நேரம். கட்டிய நேரத்தை நிரலுக்குள்ளோ தொகுப்பின் கோப்பு விவரத்திலோ எழுதிவைக்கும் கருவிகள் ஏராளம். இதில் நம் ஊருக்கென்று ஒரு வேடிக்கை உண்டு: சிங்கப்பூர் உலகப் பொதுநேரத்தைவிட எட்டு மணி நேரம் முந்தியிருப்பதால், காலை ஏழு மணிக்கு என் மடிக்கணினியில் கட்டிய கோப்பு ஒரு தேதியையும், அதே நொடியில் சேவையகம் கட்டியது முந்தைய நாளையும் காட்டின. ‘சோர்ஸ் டேட் இபாக்’ என்னும் சூழல் மாறியில் கடைசிக் குறியீட்டு மாற்றத்தின் நேரத்தை இட்டால், அதை மதிக்கும் கருவிகள் எல்லாம் அந்த நேரத்தையே பயன்படுத்தும். எஞ்சுபவை கோப்புகள் அடுக்கப்படும் வரிசை, கோப்பு உரிமையாளர் எண், நிரலுக்குள் பதியும் உங்கள் கோப்புறைப் பாதை. ஒவ்வொன்றாக அடக்க எங்களுக்கு மூன்று வெளியீடுகள் பிடித்தன.

பொதிக்குள் தமிழ்க் கோப்புப் பெயர்கள் வைக்கலாமா?

நிரல் தமிழ்ப் பெயர்களைத் தாங்க வேண்டும். பொதிக்குள் இருக்கும் பெயர்களுக்கு ரோமன் எழுத்தே பாதுகாப்பு. ஒருங்குறியில் ‘கொ’ என்பதை இரண்டு விதமாக எழுத முடியும்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒன்று, ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக இடுவது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருங்குறியைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8இல் முதலாவது ஆறு பைட்டு, இரண்டாவது ஒன்பது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸோ, நாம் கொடுத்த பைட்டுகளை அப்படியே வைத்துக்கொள்ளும். அதனால் பழைய மேக்கிலிருந்து வந்த ‘கொன்றைவேந்தன்’ கோப்பை லினக்ஸில் அதே பெயரைத் தட்டித் தேடினால் கிடைக்காது. எங்கள் சோதனைக் கோப்புகளில் இது நேர்ந்து, ஒரு மாலை முழுவதும் எழுத்துருவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

நீளமும் பார்க்க வேண்டும். லினக்ஸில் வழக்கமான ஈஎக்ஸ்டி4 கோப்புப் பெயருக்கு 255 பைட்டு வரம்பு உண்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு என்பதால் 85 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். கட்டுரைத் தலைப்பையே கோப்புப் பெயராக வைக்கும் நம்மவர் பழக்கத்திற்கு இது போதாது.

தமிழ் எழுத்துருவையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

எழுத்துருவின் உரிமம் அனுமதித்தால் கொடுக்கலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருகிறது. மென்பொருளோடு சேர்த்துத் தரலாம், உரிம வாசகத்தையும் பொதியில் வைக்க வேண்டும். விண்டோஸில் உள்ள நிர்மலா எழுத்துருவை எடுத்து லினக்ஸ் பொதியில் வைப்பது அந்த வகையைச் சேராது. நூலகங்களுக்கும் இதே கவனம் தேவை: ஜிபிஎல் என்னும் கட்டற்ற மென்பொருள் உரிமமுள்ள ஒன்றைச் சேர்த்துக் கட்டிய கோப்பைக் கொடுத்தால், அதற்குரிய முழு மூலநிரலையும் பெற வழி செய்ய வேண்டும். ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின்படி எழுத்துமூல உறுதி தருவதாயின் அது குறைந்தது மூன்றாண்டு செல்லுபடியாக வேண்டும். மூலநிரலைப் பொதியின் பக்கத்திலேயே வைத்துவிடுவது எளிது.

மொழியைத் ‘தமிழ் - சிங்கப்பூர்’ என்று அமைத்தேன். விண்டோஸில் தமிழில் வருகிறது, லினக்ஸில் ஆங்கிலத்தில் வருகிறது. ஏன்?

மொழி, நாடு சார்ந்த வழக்கங்களைத் தொகுத்த ஒருங்குறி அமைப்பின் வட்டாரத் தரவில் சிங்கப்பூர்த் தமிழ் உண்டு. ஜிலிப்சியில் தமிழுக்கு இந்தியா, இலங்கை என்ற இரண்டு வட்டாரங்களே உள்ளன. இல்லாத வட்டாரத்தைக் கேட்டால் அது பேசாமல் அடிப்படை ஆங்கிலத்துக்குப் போய்விடும். மொழிபெயர்ப்புகளை நாட்டின் பெயரின்றித் ‘தமிழ்’ என்று மட்டும் பொதியில் வையுங்கள்; பயனரிடம் இந்திய வட்டாரத்தை அமைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாணயக் குறி ரூபாயாக வரும். எங்கள் கருவி பணத்தைத் தொடுவதில்லை என்பதால் இதுவரை யாரும் புகார் செய்யவில்லை.